பெயருக்கு மட்டும் டன்பார்

"ஆலையை மூடமாட்டாங்கன்னு சொல்றாரே, உங்கப்பா இந்த விஷயத்துல தப்பா சொல்லுவாராம்மா?" என்று வெர்லின் மாமா என்னிடம் கேட்டார். அப்பா பியர் எடுக்க கராஜுக்குப் போயிருந்தார். நான் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். பள்ளியை விட்ட பிறகு யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை.

"கண்ணால பார்த்ததைத்தான் சொல்லுவாரு மாமா" என்றேன். அது உண்மைதான்.

டன்பார் கார் கம்பெனியை அதைவிடப் பெரிய ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. அவர்களிடம் ஏற்கெனவே வேறு கார்கள், வேறு பெயர்கள். இன்னொன்று எதற்கு, ஆலையை மூடிவிடுவார்கள் என்று மிச்சிகனில் எங்கள் ஊர் முழுக்க அதே பேச்சு. எங்கள் ஊரில் டன்பார் இல்லாத வண்டியை ஆலை வாசலில் நிறுத்த விடமாட்டார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டுப் பனியில் நடந்து வரவேண்டும். ஒருமுறை சித்தப்பா வேறு காரில் விருந்துக்கு வந்தபோது, அதைத் தெருமுனையில் நிறுத்தினால்தான் சாப்பாடு என்று சொல்லிவிட்டார் அப்பா.

அப்பாவும் மாமாவும் டன்பார் ஆலையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். முப்பது வருஷம் முடித்தால் முழு ஓய்வூதியம். இருவருக்கும் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. டென்னசியில் உள்ள பெரிய கம்பெனியின் ஆலைக்கு மாற விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்கலாம், பழைய சர்வீஸும் சேரும் என்று அறிவித்திருந்தார்கள். மாமாவும் அவர் மனைவி நாடீனும் போவதாகத்தான் இருந்தார்கள்.

அப்பா பியரோடு வந்தார்.

"என்னடா, என் பொண்ணை விசாரிக்கிறியா?"

"உன்கிட்ட கேட்டா நீ பிரசங்கம் பண்ணுவே."

"பண்ணத்தான் போறேன். வண்டி வெளிய போறதுக்கு முன்னாடி கடைசியா பேரை ஒட்டுறது யாரு? நான். அடுத்த வருஷ வண்டில ஒட்டுற பேட்ஜ் வந்து இறங்கியிருக்கு. டன்பார்னு புது எழுத்துல. கூரை வரைக்கும் பெட்டி. மூடப்போறவன் எவனாவது இவ்வளவு வாங்கி அடுக்குவானா?"

"கூரை வரைக்குமா?"

"ஏணி போட்டாத்தான் மேல்பெட்டி எட்டும்."

மாமா பியரைத் திறக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார். "நாடீன் பாதி வீட்டை மூட்டை கட்டிட்டாடா."

"பிரிக்கச் சொல்லு. அந்த வெயில்ல போய் எவன் பேரையோ ஒட்டுவியா? வெக்கங்கெட்டவனே."

மாமா சிரித்தார். வெள்ளிக்கிழமை வந்தது. இருவருமே பெயர் கொடுக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் நிற்கவைத்து மேலாளர் அறிவிப்பை வாசித்தார். டன்பார் என்ற பெயர் தொடரும். மெக்சிகோ ஆலையில் அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் கார் ஒன்றின் முகப்பில் அதை ஒட்டுவார்கள். எங்கள் ஆலை பிப்ரவரியோடு மூடப்படும்.

பெட்டிகள் அங்கே போவதற்குத்தான் காத்திருந்தன. மறுநாள் அவற்றை லாரியில் ஏற்றச் சொன்னார்கள். அப்பாதான் ஏற்றினார். வீட்டுக்கு வந்து குழாயடியில் வெகுநேரம் நின்றார்.

"பேரு மட்டும் வேணுமாம்" என்றார் அம்மாவிடம்.

டென்னசிக்குப் போன் போட்டுப் பார்த்தார். ஆள் எடுத்து முடித்துவிட்டார்களாம். இரண்டு வருஷக் குறைக்கு ஓய்வூதியம் பாதியாகிவிடும் என்று யூனியன் ஆபீசில் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிட்டதால் மாமா வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. கதவுக்கு உள்ளே, கால்மிதியிலேயே நின்றார். அம்மா காபி ஊற்றி மேசைமேல் வைத்தாள்.

"பெட்டி இருந்துச்சுடா, வெர்லின். நான் இட்டுக்கட்டல" என்றார் அப்பா.

மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும்தானே போகல? தெரிஞ்சிருந்தா நான் இங்க உக்காந்திருப்பேனா?"

மாமாவின் பூட்ஸிலிருந்து பனி கரைந்து தரையில் ஓடியது.

"நாடீன்கிட்ட நான் வந்து பேசட்டுமா? ரெண்டு பேரும் சேர்ந்து ஏதாவது பார்ப்போம். கிடங்குல ஆள் கேக்குறாங்களாம்." அப்பாவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "திட்டிட்டாவது போயேன்டா."

மாமா தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் படியிறங்கிப் போனார்.