கழுவியும் போகாத இரைச்சல்

என் காதுக்கு அந்தப் பாட்டில் ஒரு குறையும் இல்லை. குறை சொன்னது என் மனைவி சௌந்திரம்தான்.

"கரகரன்னுட்டே இருக்குதுங்க மாமா. நிறுத்திப்போட்டு அக்கட்ட வைங்க" என்று சொல்லிவிட்டு, எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். ரெக்கார்டு பிளேயரைப் பஸ்ஸில் மடியில் வைத்துச் சேலம் கொண்டுபோய், பழுது பார்த்து, புது முள் போட்டுக் கொண்டுவந்தவன் நான். எனக்குக் கோபம் வருமா, வராதா?

முப்பத்தோரு வருடம் போர்வெல் வண்டியில் கிடந்தேன். ராஜஸ்தான், ஒடிசா என்று துளை போடும் ரிக்கோடு போனால் திரும்ப ஏழெட்டு மாதம் ஆகும். கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று காது போய்விட்டது. முழுச் செவிடு இல்லை. லாரி ஹாரன் கேட்கும், பாட்டுக் கேட்கும், எதிரில் நின்று பேசினால் கேட்கும். கடுகு வெடிப்பது, கொலுசு, குக்கர் விசில் எதுவும் கேட்காது. நாமக்கல் காது டாக்டர், போனது போனதுதான் என்று கையை விரித்துவிட்டார். வண்டியை விற்றுவிட்டு வீடே கதி என்று வந்து இரண்டு வருடமாகிறது.

வந்தவனுக்கு வீட்டில் இடம் இருந்தது, வேலை இல்லை. நான் இல்லாமலே எல்லாவற்றையும் நடத்தப் பழகியிருந்தாள். சோறு போடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். எனக்கோ அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஏக்கம். அறுபத்து மூன்று வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது? கல்யாணமான புதிதில் வாங்கிய பதினோரு இசைத்தட்டுகள் பரணில் இருந்தன. ஒரு பக்கம் ஓட இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம் என்னோடு உட்காரமாட்டாளா என்றுதான் இத்தனை பாடும்.

சரி, கரகரப்பை ஒழிப்போம் என்று இறங்கினேன். ரிக்காரனுக்குத் தெரிந்த சுத்தம் ஒன்றுதான்: காற்றடிப்பது. பக்கத்து வீட்டுத் தங்கசாமியின் ரிக் அவன் கொட்டகையில் நின்றது. ஒரு தட்டைக் கொண்டுபோய், கம்ப்ரசரின் காற்றுக் குழாயைத் திருப்பி அடித்தேன். கம்ப்ரசர் காற்றில் எண்ணெயும் ஈரமும் கலந்து வரும் என்பது, ஆயுசு முழுக்க அதோடு கிடந்த எனக்கே உறைக்கவில்லை. தட்டு என்னவோ பளபளத்தது. போட்டதும் சௌந்திரம் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"முன்ன கரகரன்னுது. இப்ப வடைச்சட்டியாட்டம் கொதிக்குதுங்க!"

வேடிக்கை பார்க்கக் கூடவே வந்திருந்த தங்கசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏனுங்ணா, பாட்டுத்தட்டுல போர் போட்டீங்களா? எத்தன அடியில தண்ணி?"

அப்புறம்தான் செல்போனில் பார்த்து முறையாகக் கற்றேன். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளை படியும். அதனால் லாரி பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் ஒரு கேன் வாங்கினேன். அதில் பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவம் இரண்டு சொட்டு. நடுவில் ஒட்டியிருக்கும் காகிதம் நனையாதபடி இருபுறமும் பிளாஸ்டிக் மூடி வைத்துப் போல்ட்டால் இறுக்கினேன். மெல்லிய பிரஷ்ஷால் கோடு போகிற போக்கிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும். வெறும் தண்ணீரில் அலசி, பழைய பனியனால் ஒற்றி, சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் ஸ்டாண்டில் நிறுத்திக் காயவைத்தேன்.

இரைச்சல் போயிற்றா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவளைத்தான் கூப்பிட வேண்டும்.

"சித்த வந்து கேட்டுட்டுப் போ புள்ள."

முதல் நாள் நிலைப்படியில் நின்று கேட்டாள். மூன்றாம் நாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஆறாம் நாள் கட்டிலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து நிலக்கடலை உரித்தாள். "இது தேவலைங்க," "இங்க மட்டும் ஒரு டொக்குச் சத்தம்" என்று அவள் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன். பதினொன்றையும் ஒரே காலையில் கழுவி முடித்திருக்கலாம். வேண்டுமென்றே நாளைக்கு ஒன்றாகக் கழுவினேன். கள்ளத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

கடைசித் தட்டில்தான் வந்தது வினை. இரண்டாம் பக்கத்தில் எல்லாம் சுத்தம், மூன்றாவது பாட்டில் மட்டும் இரைச்சல் போகவில்லை என்றாள். மறுபடி கழுவினேன். நான்கு தடவை கழுவினேன். "போதும் உடுங்க" என்றாள். விடுவேனா? டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தேன். மற்றப் பாட்டெல்லாம் கருகருவென்று மின்ன, மூன்றாவது மட்டும் விரல் அகலத்துக்குச் சாம்பல் பூத்துக் கிடந்தது. அழுக்கு இல்லை, தேய்மானம்.

"எவன் இதை இந்தப் பாடு படுத்துனது?" என்று கத்தினேன்.

சௌந்திரம் கடலை முறத்தைக் கீழே வைத்தாள். "நாந்தானுங்க."

நான் டார்ச்சை அணைத்தேன்.

"கண்ணாலமான மறுநாளு இந்தப் பாட்டப் போட்டு, நல்லா இருக்குதான்னு கேட்டீங்க. வெக்கத்துல நான் ஒண்ணுமே சொல்லுல. இருவத்திரெண்டாம் நாளு நீங்க வண்டி ஏறிட்டீங்க. பொறவு தெனமும் இது ஒண்ணத்தான் போடுவேன். முள்ளு மொண்ணையாப் போயும் போட்டேன். பிளேயரு நிக்கிற வரைக்கும், ஆறு வருசம்." கடலைத்தோலை மடியிலிருந்து தட்டிவிட்டாள். "அது தண்ணி ஊத்திக் கழுவுனாப் போகுமுங்களா மாமா?"

முள்ளை அந்த இடத்தில் வைத்தேன். பாட்டு எப்போதும் போலக் குறையில்லாமல் வந்தது. ஸ்பீக்கரோடு காதை ஒட்டி வைத்துப் பார்த்தேன். இரைச்சல் என்று ஒன்றும் இல்லை.

"எப்படிப் புள்ள கேக்குது, அந்தச் சத்தம்?"

யோசித்தாள். "காட்டுல காஞ்சு நிக்கிற சோளத்தட்டுக்குள்ள காத்துப் பூந்தா சரசரங்குமில்லீங்க, அந்தாட்டம்."

ஆறு வருடம் அவள் தனியாக இருந்து தேய்த்த சத்தம். அதைக் கேட்கிற காதை நான் அதே வருடங்களில்தான் கம்ப்ரசர் பக்கத்தில் தொலைக்க ஆரம்பித்தேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை.

பாட்டு முடிந்தது. அவள் உதடு அசைந்தது.

"என்ன சொன்ன?" என்றேன்.

எழுந்து வந்து, என் காதருகே குனிந்து, சத்தமாகச் சொன்னாள்.

"நல்லா இருக்குதுன்னேனுங்க."