திரைக்குள் ஒரு துயில்

உச்சிப் பொழுதில் இத்தாலியின் நேப்பிள்சு நகரம் வாய் ஓயாது. ஈருருளிகள் ஒலியெழுப்பி ஒன்றையொன்று வைய, மீன் விற்போர் அவற்றினும் மேலாகக் கூவ, மாடிக்கு மாடி கட்டிய கொடிகளில் ஈரத்துணி சொட்ட, இத்தனைக்கும் நடுவே, முறுக்கிய தூண்களும் பொற்பூச்சு மங்கிய வானதூதரும் வளைந்து நெளிந்தெழும் முகப்பும் கொண்ட பழங்கோயில் ஒன்று வாய்மூடி நின்றது. அங்கே இறைவனைத் தேடி வந்தோர் சிலர். நிழலைத் தேடி வந்தோர் பலர். நுன்சியாத்தாவோ உறக்கத்தைத் தேடி வந்தாள்.

காலையெல்லாம் மருத்துவமனைத் துணி வெளுத்து, இரவெல்லாம் படுத்த படுக்கையான தந்தையைப் புரட்டிக் கிடத்திச் சலித்தவள் அவள். தம்பி சிரோ அதே ஊரில் இருந்தும் எட்டிப் பார்ப்பதில்லை. அவன் முகத்தில் இனி விழிப்பதில்லை என்று அவளும் அண்டை அயலார் அறியச் சூளுரைத்திருந்தாள். விடிந்தால் தந்தையை முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவது என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டுதான் அன்று வந்தாள். இருக்கைகளில் சாய்ந்தோரைக் கோயிலைப் பூட்டித் திறக்கும் கோயிற்பிள்ளை கார்மினே சாவிக்கொத்தைக் குலுக்கி எழுப்பிவிடுவார் ஆதலின், பாவ அறிக்கைக் கூண்டில், குருவானவர் மறைவாக அமர்ந்து பிறர் பாவம் கேட்கும் இருக்கையிலேயே புகுந்து திரையை இழுத்துவிட்டாள். வெள்ளி தவிர மற்றை நாளில் குரு அங்கே அமர்வதில்லை என்பது ஊரறிந்தது. கோயிலை மறந்து நெடுநாளான ஒருவனுக்கு மட்டும் அது தெரியவில்லை.

கண் செருகிய வேளையில், கூண்டின் பக்கவாட்டுத் தட்டிக்கு அப்பால் எவனோ முழந்தாளிட்டான்.

"சாமி, நான் பாவி. எங்கப்பா படுத்த படுக்கையா கெடக்காரு. எல்லாத்தையும் அக்கா ஒருத்திதான் பாக்குறா. ஞாயித்துக்கெழம தவறாம அவ வீட்டுப் படி வரைக்கும் போறேன். மேல ஏற வெக்கமா இருக்கு, திரும்பிடுறேன்."

சிரோவின் குரல். சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் அவள் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால், வைவதற்கும் தெம்பு வேண்டுமே!

"இதுக்கு என்ன பரிகாரம், சாமி?"

"இன்னைக்கி ராத்திரி நீ கண்ணு முழிடா, சிரோ. எனக்குத் தூக்கம் வருது."

எழுந்து வந்து அவன் திரையை விலக்கியபோது, பலகையில் தலை சாய்த்து, வாய் சற்றே திறந்து, அவள் உறங்கிவிட்டிருந்தாள். அவள் மடியில் கிடந்த வீட்டுச் சாவியை ஓசைபடாமல் எடுத்துக்கொண்டான். உச்சி வேளைக்குக் கதவடைக்க வந்த கார்மினேயின் சாவிக்கொத்தைக் குலுங்காதவாறு கையால் பொத்தி, உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, தந்தையிருந்த மாடியை நோக்கி நடந்தான்.

கார்மினே அன்று கதவை அடைக்கவில்லை. எத்தனையோ தலைமுறையாய்ப் பிறர்க்கு மன்னிப்பு வழங்கிய அவ்விருக்கை அன்று ஒருத்திக்கு உறக்கம் வழங்கிற்று; இரண்டனுள் எது பெரிதென்று வழக்காடக்கூட மாலை விளக்கேற்றும் வரை அவள் விழிக்கவே இல்லை.