மரியாதைக்கு ஒரு டம்ளர் கசாயம்

1
அவிநாசி ரோட்டுப் பேக்கரியில் ஒருத்தர், "எதிர்ப்பு சக்தி ஏறுனாப் போதுமுங்க, மத்ததெல்லாம் தானாச் சரியாயிரும்" என்று பிரசங்கம் செய்தார். அந்த எரிச்சலில்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். எரிச்சலில் எழுதினால் கதை உருப்படாது என்பார்கள். போகட்டும்.

2
முதல் ஆரம்பம்: 'ஐஸில் இருந்த ஈரலுக்குள் ரத்தம் மறுபடி பாய்ந்ததும் லிங்கசாமியின் வெள்ளணுக்கள்...'

(அடித்துவிட்டேன். பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். ஈரல் மாற்று ஆபரேஷனில் ரத்தம் திரும்பியதுமே அவனுடைய எதிர்ப்பு சக்தி புது ஈரலைப் புண்ணாக்கக் கிளம்பிவிட்டது. ஆயுசுக்கும் மாத்திரை போட்டு அதை அடக்கி வைக்க வேண்டும்.)

3
தன் ஈரலில் பாதிக்கு மேல் புருஷன் லிங்கசாமிக்கு அறுத்துக் கொடுத்தவள் தரணி. பனியன் கம்பெனியையும் இப்போது அவள்தான் பார்க்கிறாள். தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறது.

அவன் கண் மஞ்சளாகிவிட்டது. டெஸ்டில் ஈரல் கெடுவதாக வந்தது. "வேற ஏதாவது குடுத்தீங்களா?" என்றார் டாக்டர். "சத்தியமா இல்லீங்க" என்றாள். வீட்டுக்கு வந்தால், அவளைப் பெற்ற முத்தாத்தாளே மாப்பிள்ளைக்கு டம்ளரை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா அது?"

"சீந்தில்கொடிக் கசாயம் கண்ணு. எதிர்ப்பு சக்திக்கு. தெனமும் குடுக்கறனே."

தரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, அந்தச் சக்திய அடக்கத்தான மாத்திரை முழுங்கறீங்க? புத்தி எங்க போச்சு?"

"அத்தை ஆசையாக் குடுக்கறாங்க. வேண்டாம்னா மரியாதையா இருக்குமா?"

"என்ன பொல்லாத மரியாதை! அது எம்பட ஈரலுங்க!"

4
லிங்கசாமியை முரடனாக்கி, டம்ளரைத் தட்டிவிட வைத்துப் பார்த்தேன். மாட்டேன் என்கிறான். கொடுத்ததை வாங்கிக் குடித்தே வளர்ந்தவன். அவன் உடம்புக்கு மட்டும் அந்த நாகரிகம் கிடையாது. பொண்டாட்டி ஈரலையே அந்நியம் என்று கடிக்கிறது. கருமம்!

முடிவு ஒன்று: எதிர்ப்பு சக்தியை அடக்க ஆஸ்பத்திரியில் போட்ட ஊசி கேட்கிறது, ஈரல் தப்புகிறது.

முடிவு இரண்டு: தப்பவில்லை. தரணியிடம் கொடுப்பதற்கு இன்னொன்று...

(இதை எழுத எனக்குக் கை வரவில்லை.)

5
ஆஸ்பத்திரியில் ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது. கேட்குமா என்று டாக்டருக்கே தெரியாது. முத்தாத்தாள் மூலையில் உட்கார்ந்து அழுகிறாள். உறவெல்லாம் பார்க்க வந்தபடி இருக்கிறது, ஆளுக்கொரு பையோடு. தரணி வார்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

லிஃப்டிலிருந்து இப்போது இறங்குவது நீங்கள். நல்ல மனசோடுதான் வந்திருக்கிறீர்கள், தெரியும்.

"வாங்க, வாங்க" என்று எழுந்து கும்பிடுகிறாள் தரணி. "பையில என்னங்க?"