நாலு இன்ச் டிஸ்க்குக்கு மூன்றரை இன்ச் பெட்டி

தச்சு வேலைக்காரர்கள் நடுவில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். அவர் செய்த கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு தாளைக்கூட நுழைக்க முடியாது. அந்தப் பெருமைதான் இப்போது காலை வாரிவிட்டது. மனைவியின் கம்ப்யூட்டருக்கென்று ஆசை ஆசையாக ஒரு மரக்கூண்டு செய்து, தூசி போகக் கூடாதென்று இம்மி இடைவெளி இல்லாமல் அடைத்துக் கொடுத்தார். தூசி போகவில்லை, வாஸ்தவம். காற்றும் போகவில்லை. நேற்று மத்தியானம் கம்ப்யூட்டர் வெந்துபோய்க் கண்ணை மூடிவிட்டது.

பழுது பார்க்க வந்தவர், போர்டு கருகிவிட்டது, ஹார்டு டிஸ்க் மட்டும் பிழைத்திருக்கலாம் என்று அதைக் கழற்றிக் கையில் கொடுத்தார். தனிப் பெட்டி ஒன்று வாங்கி அதற்குள் இதைப் போட்டு, மகளின் லேப்டாப்பில் செருகிப் பாருங்கள், புதிதாக ஒரு டிஸ்க்கும் வாங்கி எல்லாவற்றையும் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த டிஸ்க்கில் இருந்தது என்ன தெரியுமா? கண் தெரியாத பிள்ளைகளுக்காக மனைவி ஆறு மாதமாகத் தன் குரலில் வாசித்துப் பதிவு செய்த நாற்பத்தேழு பாடங்கள். வேறெங்கும் பிரதி கிடையாது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கொடுத்தாக வேண்டும். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனிதர் தாங்கிக்கொண்டிருப்பார். அந்த அம்மாளோ சாப்பாட்டைப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

காலையில் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். கிளம்புமுன், பழக்க தோஷம், டேப்பை வைத்து அளந்தார். அகலம் சரியாக நாலு இன்ச்.

முதல் கடையில் மூன்றரை இன்ச் என்று அச்சடித்த பெட்டியை நீட்டினார்கள். இவருக்குச் சுர்ரென்று வந்தது. அரை இன்ச் குறைகிறதைத் தலையில் கட்டப் பார்க்கிறார்களே என்று வெளியே வந்துவிட்டார். அடுத்த கடையிலும் அதே கதை. மூன்றாவது கடையில் நாலு இன்ச் பெட்டி என்று இவரே கேட்க, அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஊரில் ஒருவருக்கும் அளக்கத் தெரியவில்லை என்று கறுவிக்கொண்டே நாலாவது கடையின் படி ஏறினார்.

அந்தக் கடைக்கார அம்மா வாதாடவில்லை. டேப்பை வாங்கித் தானும் அளந்து பார்த்தார்.

“நீங்க அளந்தது கரெக்டுதாங்க. ஆனா இந்த டிஸ்க்குக்கு மூணரை இன்ச்சுங்கிறது வெறும் பேரு. என்னிக்கோ வச்சது, அப்படியே ஒட்டிக்கிச்சு.”

மில்லிமீட்டரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இன்ச் என்று சொல்லிவிட்டு இன்ச்சாக இல்லாமல் இருப்பது எந்த ஊர் நியாயம்? தன் பட்டறையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பார்.

கைக்கு அடக்கமாக இருந்த ஒரு பெட்டியை ஆசையாக எடுத்தார். அது லேப்டாப் டிஸ்க்குக்கானது, பெரிய டிஸ்க்குக்குத் தனியாகக் கரண்ட் வேண்டும், அடாப்டரோடு வருவதுதான் சரி என்று அந்த அம்மா வேறு இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பளபளவென்று மூடிக் கிடந்தது. இன்னொன்று அலுமினியம், பக்கமெல்லாம் ஓட்டை. மில்லிமீட்டர் ஓட்டைப் பெட்டியைப் பாய்ந்து பிடித்துக்கொண்டார். பிரதி எடுக்கப் புது டிஸ்க் ஒன்றையும் மறுபேச்சில்லாமல் வாங்கினார்.

வீட்டுக்குப் போய் அது பேசாமல் கிடந்தால் எந்த முகத்தோடு நிற்பது? இங்கேயே போட்டுப் பார்க்கச் சொன்னார். டிஸ்க் உள்ளே கச்சிதமாக உட்கார்ந்தது. கேபிளைக் கடைக் கம்ப்யூட்டரில் செருகியதும் மெல்லச் சுழலும் சத்தம். திரையில் வரிசையாகப் பாடங்கள். விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். நாற்பத்தேழு.

கடைக்கார அம்மா ஒன்றைத் தட்டினார். எறும்புகள் வழி கண்டுபிடிக்கும் விதத்தை மனைவியின் குரல் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தது. மில்லிமீட்டர் வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி எடுத்ததும் போனை அப்படியே ஸ்பீக்கர் பக்கம் பிடித்தார்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“என்னங்க... இதுல ஒரு வரிய விட்டுட்டு வாசிச்சிருக்கேன். சீக்கிரம் எடுத்துட்டு வாங்க, திருத்தணும்.”