ஒரே நாடாவில் இரண்டு கோப்புகள்

என் மனைவி இறந்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. அவளுடைய கைப்பேசி அடித்தது. எடுத்தேன்.

"ஏம்மா, மாத்திரை வாங்க ஏன் வரல? இப்படி இருந்தா எப்படிம்மா?"

எச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவின் ஆலோசகர் அம்மா. குரல் தெரியும். எனக்கும் அங்கேதான் மாத்திரை.

"அவ செத்துட்டா," என்றேன்.

"செவ்வாய்க்கிழமை நேர்ல வாங்க தம்பி," என்று வைத்துவிட்டார்.

போனேன். என்னிடம் இரண்டு மாத்திரைதான் மிச்சம்.

பதிவு ஜன்னலில் இருப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் முத்திரை. எந்தத் தாளைக் கொடுத்தாலும் படிக்கும் முன்னே குத்திவிடுவார். என் அட்டையைப் பார்த்தார். கணினியைப் பார்த்தார்.

"உங்களுக்கு மாத்திரை வராது சார். நீங்க இறந்துட்டீங்க."

கணவன் மனைவி இருவருக்கும் நோய் என்றால் அங்கே இரண்டு கோப்புகளையும் ஒரே நாடாவில் கட்டி வைப்பார்கள். மேலே கணவன், கீழே மனைவி. அவளுடைய இறப்புச் சான்றிதழை என் மச்சான் கொண்டுபோய்க் கொடுத்திருந்தான். முத்திரை நாடாவை அவிழ்க்கவில்லை. மேலே இருந்த என் கோப்பில் 'இறந்தார்' என்று குத்திவிட்டார். நான் இறந்தேன். அவள் 'தொடர்ந்து வராதவர்' பட்டியலில் உயிரோடு இருந்தாள்.

"இதோ நிக்கிறேனே."

"நிக்கலைன்னா சொன்னேன்? கம்ப்யூட்டர்ல முடிச்சாச்சு. டாக்டர் எழுதித் தரணும். அடுத்த செவ்வாய் வாங்க."

பின்னால் நின்ற லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "செத்தவங்களுக்குத் தனி வரிசை போடுங்கண்ணே. எங்க வேலையாவது சீக்கிரம் முடியும்."

சிலர் சிரித்தார்கள்.

"ரெண்டு மாத்திரைதான் இருக்கு," என்றேன்.

"முன்னாடியே வந்திருக்கணும் சார். அக்கறை வேணும்."

அக்கறை. போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். "உனக்கு உன் உயிர் மேலயே அக்கறை இல்ல," என்று கத்தினேன். அதற்குப் பிறகு மாதாமாதம் "வாங்கிட்டேன்" என்றாள். காசநோய் முற்றிய பிறகுதான் தெரிந்தது, பதினோரு மாதமாக அவள் மாத்திரையே விழுங்கவில்லை என்று. ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில் அடக்கத்தின்போதுகூட நான் அழவில்லை.

ஜன்னலுக்குள் கையை விட்டு, மேசையில் கிடந்த எங்கள் கோப்புக் கட்டை இழுத்தேன். நாடாவை அவிழ்த்தேன். முத்திரை "சார், சார்" என்றார். கீழ்க் கோப்பின் கடைசித் தாள். மூன்று தேதிகள், மூன்று மாதங்கள், ஒரே வரி: 'மதியம் 1.15க்கு வந்தார். நேரம் முடிந்ததால் திருப்பி அனுப்பப்பட்டார்.' அதற்குக் கீழே எட்டு முறை: 'வரவில்லை.'

ஜன்னல் ஒரு மணிக்கு மூடும். தையல் தொழிற்சாலையில் அவளுக்கு ஒரு மணிக்குத்தான் ஷிப்ட் முடியும்.

உரக்கப் படித்தேன். மூன்று தேதிகளையும்.

ஆலோசகர் ஓடிவந்தார். "தம்பி, அடுத்தவங்க ஃபைலைப் படிக்கக் கூடாது. ரகசியம்."

"கூடவே கட்டி வச்சிருந்தீங்களே. மாசாமாசம் மேல இருக்கிறதுல எனக்கு எழுதினீங்க. கீழ அவ செத்துட்டிருந்தா. ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுப்பா. விதி."

"சரி, அவகிட்ட? பதினஞ்சு நிமிஷம் லேட்டா வர்றவளை ஏன்னு கேட்டீங்களா? செத்தப்புறம் போன் பண்றீங்க."

அவர் கோப்பை வாங்கக் கையை நீட்டினார்.

லாரி டிரைவர் இப்போது சிரிக்கவில்லை. "டாக்டரைக் கூப்பிடுங்கம்மா. நானும் ரெண்டு தடவை திரும்பிப் போனவன்தான்."

டாக்டர் வந்தார். நான் உயிரோடிருப்பதாக எழுதிக் கையெழுத்திட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. மாத்திரைப் புட்டி வந்தது.

முத்திரை ஒரு படிவத்தை நீட்டினார். "அவங்க ஃபைலை முடிக்கணும். இங்க ஒரு கையெழுத்து."

சிகிச்சை நின்றதற்கான காரணம் என்ற இடத்தில் ஏற்கெனவே குறியிட்டிருந்தார்: 'தானாக நிறுத்திக்கொண்டார்.'

அந்த வரியை அடித்துவிட்டேன். ஓரத்தில் எழுதினேன்: 'மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் நான் கத்தியதால் அதை என்னிடம் மறைத்தாள்.' கையெழுத்துப் போட்டேன்.

"இப்படியெல்லாம் எழுதினா செல்லாது சார்."

"குத்துங்க."

அவர் தாளை எடுத்துப் படித்தார். முழுதாக. முத்திரையை எடுக்கவில்லை. மணி ஒன்று. வழக்கம்போல் ஜன்னல் கதவை இழுத்தார். அது ஜன்னலுக்குள் நீட்டியிருந்த என் முன்கையில் வந்து இடித்தது.

நான் கையை எடுக்கவில்லை.