ஞானத்துக்குச் சூடு வேண்டாம்

வியாகுலம்மாளின் மகள் ஞானத்துக்கு ஒன்பது வயது முடிந்தும் பாயில் மூத்திரம் போவது நிற்கவில்லை. ராயபுரத்தில் எட்டுக் குடித்தனங்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் வீடு அது. கொடியில் காயும் போர்வையைப் பார்த்தே எல்லாருக்கும் தெரிந்துவிடும். "இன்னா, இன்னிக்கும் மழையா?" என்று யாராவது கேட்பார்கள். ஞானம் குனிந்த தலை நிமிராமல் பள்ளிக்கூடம் போவாள்.

வியாகுலம்மாளும் சும்மா இருக்கவில்லை. விளக்கு வைத்த பிறகு மகளுக்குச் சொட்டுத் தண்ணீர் தரமாட்டாள். எள்ளும் வெல்லமும் இடித்து உருட்டிக் கொடுத்தாள். பக்கத்துக் குடித்தனத்து அஜீசா தர்காவிலிருந்து வாங்கி வந்த தாயத்தைக் கட்டினாள். மாதாவுக்கு மெழுகுத்திரி ஏற்றினாள். அடித்தும் பார்த்தாள். அடித்த வாரம் ஏழு நாளும் பாய் நனைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூரிலிருந்து நாத்தனார் சிலுவையம்மாள் வந்தாள்.

"மஞ்சளைச் சுட்டுத் தொப்புளுக்குக் கீய ஒரு இழுப்பு இழு. நின்னுடும். பொம்பளப் புள்ள, நாளிக்கு கட்டிக் குடுக்கற எடத்துல இன்னா சொல்வாங்க?"

வியாகுலம்மாளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் அடுப்பைப் பற்றவைத்தாள். மஞ்சள் கனன்றதும் ஞானம் கதவு மூலையில் ஒண்டிக்கொண்டாள்.

"நான் தூங்கவே மாட்டேம்மா. உக்காந்துகினே கீறேன்."

ஹார்பரில் கிரேன் ஓட்டும் அவள் அப்பா ஹென்றி அப்போதுதான் வேலை முடிந்து வந்தான். அடுப்பையும் மகளையும் பார்த்தான். சட்டையைத் தூக்கினான். தொப்புளுக்குக் கீழே விரல் நீளத்துக்கு வெளிறிய தழும்பு.

"நீ கேட்டப்ப சின்ன வயசுல நெருப்பு பட்டுச்சின்னு சொன்னேனே, இது அதான்," என்றான் மனைவியிடம். "அம்மா சூடு போட்டாங்க. அக்காதான் காலைப் புடிச்சிகினா."

"அதோட நின்னுச்சா?"

"எங்க நின்னுச்சி? மூணு வருசம் கயிச்சி, பன்னெண்டு வயசுல தானா நின்னுச்சி."

வியாகுலம்மாள் அடுப்பில் தண்ணீரைக் கொட்டினாள். எண்ணூருக்குக் கிளம்பும்போது சிலுவையம்மாள் தம்பியிடம், "ரொம்ப வலிச்சிச்சாடா?" என்று கேட்டாள்.

மறுநாள் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா மூத்திரத்தைச் சோதித்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை என்றாள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டபோது, ஹென்றி பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினான். ஞானம் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெளிக்கு ஒழுங்கா போறாளா?"

"மூணு நாளைக்கு ஒருவாட்டிதாம்மா."

"முதல்ல அதைச் சரி பண்ணணும். மலச்சிக்கல் இருந்தா இதுவும் நிக்காது. பகல்ல நிறையத் தண்ணி குடிக்கட்டும், அடக்காம போகட்டும். படுக்கறதுக்கு முன்னாடி கட்டாயம் போகணும். அப்புறம் ஒண்ணு, அவ வேணும்னு நனைக்கல. தூக்கத்துல அவளுக்குத் தெரியறதில்ல. அடிக்காதீங்க."

மலச்சிக்கலுக்கு மருந்து எழுதிக் கொடுத்தாள். நனையாத நாட்களைக் காலண்டரில் ஞானமே குறித்துவரட்டும் என்றாள்.

முதல் மாதம் நனையாதது நாலே நாலு நாள். இரண்டாம் மாதம் ஒன்பது. மழைக்காலத்தில் மறுபடி மோசமானது. வியாகுலம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு போர்வையைத் துவைத்தாள். குழாயடியில் யாராவது வாயைத் திறந்தால், "உன் வூட்டுத் துணியா?" என்று கேட்டுவிடுவாள். அடுத்த தவக்காலத்துக்குள் நனைவது வாரத்தில் ஒரு நாளாகக் குறைந்தது. பதினோரு வயதில் முழுதாக நின்றுபோனது.

அதற்குள் காலண்டரில் குறிப்பதையே ஞானம் விட்டிருந்தாள்; எந்த நாளில் நின்றது என்று வீட்டில் ஒருவருக்கும் சரியாக நினைவில்லை.