தலையில்லாத லேப்டாப்

நெரெய்தா அல்மகேரின் லேப்டாப் திரையில் முதலில் ஒரே ஒரு பச்சைக் கோடுதான் விழுந்தது. அவள் எழுதிக்கொண்டிருந்த இசைத்தாளை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு நின்றது அது. அழுக்கு என்று நினைத்துப் பாவாடை நுனியால் துடைத்தாள். போகவில்லை. மறுநாள் அதற்குத் துணையாக நான்கைந்து கோடுகள் சேர்ந்துகொண்டன. வாரக் கடைசியில் திரையின் வலது பாதி, கொதிக்கிற உலைத் தண்ணீர் மாதிரி நடுங்கத் தொடங்கிவிட்டது.

காலெத்தா ஓந்தா என்கிற கடலோர ஊரின் நகர பேண்டில் அவள் டிராம்போன் வாசிப்பவள். கிளாரினெட்டுக்கு இது, டியூபாவுக்கு இது என்று இசையைப் பிரித்து எழுதிக் கொடுப்பவளும் அவள்தான். எல்லாம் அந்த லேப்டாப்பில்தான் நடந்தது. வெளிநாட்டில், தாம்பாவில் இருக்கும் அத்தை மகள், தான் பழகிச் சலித்த பிறகு எந்தக் காலத்திலோ அனுப்பி வைத்தது அது. விசைகளில் எழுத்து தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது. கரண்ட் இருந்தால் ஓடும், போனால் படுத்துக்கொள்ளும். காலெத்தா ஓந்தாவில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாது.

ஊர் பிறந்த நாளுக்காக அவள் புதிதாக ஒரு தான்சோன் எழுதியிருந்தாள். ஜோடிகள் நிதானமாக ஆடுகிற இசை. ‘பிடிவாதக்காரி’ என்று பெயர் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் வாசிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குள் எல்லோருக்கும் தாள் கொடுத்தாக வேண்டும்.

கொடுக்காவிட்டால் அன்றைக்கு அணிவகுப்பு இசையான மார்ச்தான் என்று லிசார்தோ சொல்லிவிட்டான். லிசார்தோ வருஷத் தொடக்கத்தில் மாகாணத் தலைநகரிலிருந்து வந்த பேண்ட் மாஸ்டர். நாற்பது வயதுக்காரன். சட்டை மடிப்புக் கலையாது. அவனுக்கு மார்ச் இசை மட்டும்தான் இசை. தான்சோன் என்றாலே பல்வலி வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான்.

நெரெய்தா ஒரு பென் டிரைவை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனாள். இசை எழுதுகிற மென்பொருள் ஓடக்கூடிய இன்னொரு கம்ப்யூட்டர் ஊரில் அங்கேதான் இருந்தது.

“மாஸ்டர், என் லேப்டாப் திரை மக்கர் பண்ணுது. உங்க கம்ப்யூட்டர்ல ஒரு மத்தியானம் உட்கார்ந்தா முடிச்சிடுவேன்.”

“அது அலுவலக வேலைக்கு மட்டும்தான், தோழரே.”

“பேண்டுக்குப் பாட்டு எழுதறது அலுவலக வேலை இல்லாம, என் வீட்டு வாழைக்காய் வறுவலா?”

லிசார்தோ சிரிக்கவில்லை. “அந்தப் பெட்டி செத்துப்போச்சு. நல்லபடியா அடக்கம் பண்ணிடுங்க. நீங்களும் கொஞ்சம் ஓய்வெடுக்கலாமே? வயசும் ஆகுதில்ல. ஞாயித்துக்கிழமை மார்ச் வாசிச்சுக்கிறோம்.”

பெட்டியைச் சொன்னதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்த ‘ஓய்வு’தான் நெஞ்சில் போய்த் தைத்தது. பென் டிரைவைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

கடைத்தெருவில் செல்போன் பழுதுபார்ப்பவனிடம் கொண்டுபோனாள். அவன் ஒரு கையில் காபியை வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். “திரை போச்சு அத்தை. வெளிநாட்லேர்ந்துதான் வரணும். வேற வாங்கிக்கோங்க.”

“ஒரு ஸ்க்ரூ கூடக் கழட்டலையேப்பா நீ?”

“பார்த்தாலே தெரியுதே.”

“பார்த்தாலே தெரியும்னா நானே பார்த்துக்கிறேன்” என்று மூடி எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

கரண்ட் வந்ததும் வேலையைத் தொடங்கினாள். அணைத்துப் போட்டாள். லேப்டாப் விழித்துக்கொள்ளும்போது முதலில் வருகிற கம்பெனிச் சின்னத்தின் மேலேயும் கோடுகள் நின்றன. விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அப்படியென்றால் கோளாறு மென்பொருளில் இல்லை, உடம்பில்தான். உடம்பில் எங்கே? அதைக் கண்டுபிடிக்க வேறொரு திரை வேண்டும்.

பக்கத்துத் தெருவில் எவுலாலியோ இருந்தான். பேண்டில் டியூபா வாசிப்பவன், பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுக்குச் சிநேகிதன். அவன் வீட்டில் நல்ல டிவி ஒன்று இருந்தது. ஆனால் அது அவன் மனைவி மிக்தாலியாவின் ராஜ்ஜியம். மத்தியானத் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது நெரெய்தா லேப்டாப்போடு உள்ளே நுழைந்தாள்.

“டிவிய ஒரு நிமிஷம் குடு, மிக்தாலியா.”

“ஏண்டி, உனக்குக் கண்ணு இருக்கா? அவ இப்பத்தான் புருஷனைக் கையும் களவுமாப் பிடிச்சிருக்கா!”

“நான் லிசார்தோவைப் பிடிக்கணும்.”

மிக்தாலியா திரும்பிப் பார்த்தாள். “அந்த மடிப்புச் சட்டைக்காரனையா? என்ன சொன்னான்?”

“ஓய்வெடுக்கச் சொன்னான்.”

மிக்தாலியாவுக்கும் நெரெய்தாவுக்கும் ஒரே வயது. உடனே தொடரை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

லேப்டாப்பிலிருந்து ஒயரை மாட்டியதும் டிவியில் ‘பிடிவாதக்காரி’ பளிச்சென்று வந்து நின்றது. ஒரு கோடு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. “பாத்தியா! மூளை நல்லா இருக்கு. கண்ணுக்குப் போற நரம்புதான் எங்கேயோ கெட்டிருக்கு” என்றாள் நெரெய்தா. பிறகு லேப்டாப்பின் மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தாள். அசைக்க அசைக்கக் கோடுகள் இடம் மாறின. ஒரு கோணத்தில் திரை முழுசாகத் தெளிந்து, அடுத்த மூச்சில் கலைந்தது.

“கீல்ல இருக்குடா வியாதி” என்றாள். எவுலாலியோ ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்தான். அவனுக்கு டியூபாவைத் தவிர எதையும் கழற்றத் தெரியாது. ஆனால் கழற்றிய ஸ்க்ரூக்களைக் காபிக் கோப்பையில் போட்டு, அந்தக் கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு காவல் இருந்தான்.

கீலின் அடியில், திரைக்குப் போகிற பட்டை ஒயர் தோலுரிந்து கிடந்தது. மூடித் திறந்த இத்தனை வருஷங்களும் அதை அரைத்திருந்தன. நெரெய்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை நகர்த்தி, டேப் சுற்றி, கீல் கடிக்காத பக்கமாக மடக்கி வைத்தாள். போட்டாள். திரை சுத்தமாக வந்தது. மிக்தாலியா கை தட்டினாள். அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் திரை ஒருமுறை துடித்து, கறுத்து, அப்படியே நின்றுவிட்டது.

மறுபடி கழற்றிப் பார்த்தாள். ஒயர் இரண்டாகவே அறுந்திருந்தது. டேப் சுற்றும்போது அவள் கைதான் அதை முடித்து வைத்திருக்க வேண்டும்.

நெரெய்தாவின் கண் கலங்கியது. கடைக்காரன் சொன்னதும் லிசார்தோ சொன்னதும் சேர்ந்து காதில் ஒலித்தன. அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது. திரை மேல் வந்த கோபமா, லிசார்தோ மேல் வந்ததா, தன் கை மேல் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம்.

“அந்த ஸ்க்ரூ டிரைவரைக் குடு” என்றாள்.

“இன்னும் என்ன பண்ணப் போறே?”

“தலையை எடுக்கப் போறேன். இதுக்குத் தலை வேண்டாம்.”

கீல்களைக் கழற்றி, திரையை மூடியோடு பிரித்து எடுத்துக் கட்டிலடியில் தள்ளினாள். மேஜையில் விசைப்பலகையும் அதன் அடி உடம்பும் மட்டும் மிஞ்சின. டிவி ஒயரை மாட்டிப் போட்டாள். முண்டம் விழித்துக்கொண்டது. அவ்வளவு பெரிதாக ஸ்வரங்களை அவள் பார்த்ததே கிடையாது. கரண்ட் வந்த நேரமெல்லாம் மிக்தாலியாவின் கூடத்திலேயே உட்கார்ந்து எழுதி, வெள்ளிக்கிழமை காலைக்குள் முடித்துவிட்டாள்.

அச்சடிக்கத்தான் வழியில்லை. பிரிண்டரும் லிசார்தோவின் அறையில்தான் இருந்தது.

“டிவியோட போயிடுவோம். அவங்கவங்க பார்த்து எழுதிக்கட்டும்” என்றாள் நெரெய்தா.

எவுலாலியோ மனைவியைப் பார்த்தான். “அவன் மூஞ்சி கோணறதைப் பாக்கணும்னா டிவி என்ன, கட்டிலையே தூக்கிட்டுப் போங்க. நானும் வரேன். டிவியில கீறல் விழுந்தா ரெண்டு பேரையும் கடல்ல தள்ளிடுவேன்” என்றாள் மிக்தாலியா.

தள்ளுவண்டியில் டிவியைப் படுக்கைவிரிப்பால் சுற்றிக் கிடத்தி, மேலே அந்த முண்டத்தை வைத்து, மூவரும் ஒத்திகைக் கூடத்துக்கு வந்தார்கள். நெரெய்தா நேராகச் சுவரோரம் போய் பிளக்கைச் செருகினாள். ‘பிடிவாதக்காரி’ டிவியில் விரிந்ததும் வாத்தியக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

“என்ன கூத்து இது?” என்று லிசார்தோ உள்ளே வந்தான்.

“தாள் வேணும்னீங்க. கொண்டு வந்திருக்கேன், மாஸ்டர். கொஞ்சம் பெருசா இருக்கு, அவ்வளவுதான்.”

“இதெல்லாம் இந்தக் கூடத்துக்குள்ள கூடாது.” சொல்லிக்கொண்டே போய் மெயின் சுவிட்சை இறக்கினான். டிவி அணைந்தது. மின்விசிறிகளும் நின்றன.

பிறகு எவுலாலியோ டியூபாவைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான். கிளாரினெட்காரி பின்னாலேயே போனாள். தாளக்காரன் போனான். ஒருவர் விடாமல் நாற்காலியோடு தெருவைக் கடந்து, எதிரே குரோக்கெட்டா உருண்டை பொரித்து விற்கிற கடையின் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தார்கள். நெரெய்தாவும் மிக்தாலியாவும் டிவியையும் முண்டத்தையும் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கடைக்காரி ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, “சீக்கிரம் முடிங்க, சீஸ் கெட்டுடும்” என்று டிவிக்கு இடம் கொடுத்தாள்.

எழுதத் தாள் இல்லை. எல்லோர் பையிலும் இருந்தவை லிசார்தோவின் மார்ச் தாள்கள்தான். அவற்றைத் திருப்பிப் போட்டு முதுகில் எழுதத் தொடங்கினார்கள். லிசார்தோ ஓடி வந்தான்.

“அது அரசாங்கச் சொத்து!”

“பின்பக்கம் காலியாத்தானே கிடக்கு, மாஸ்டர். வீணாக்கலாமா?” என்றாள் கிளாரினெட்காரி, தலையை நிமிர்த்தாமல்.

எழுதி முடித்த கையோடு அங்கேயே ஒத்திகையும் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை லிசார்தோ மேடைக்கு வரவில்லை. தேவாலயப் படியில் கைகட்டி நின்றான். நெரெய்தா டிராம்போனும் கையுமாக எழுந்து, தலையை ஆட்டித் தாளம் கொடுத்தாள். இரண்டாவது கிளாரினெட் தப்பாக எழுதிக்கொண்ட ஓர் இடத்தில் தடுமாறியது. எவுலாலியோ அந்த ஓட்டையை அடைக்க டியூபாவை ஊதித் தள்ளினான். ஜோடிகள் தான்சோன் வழக்கப்படி, இடையிசை முடியும்வரை விசிறியை வீசிக்கொண்டு காத்து நின்று, சரியான இடத்தில் அடியெடுத்து வைத்தார்கள். முடிந்ததும் மறுபடி கேட்டார்கள். மறுபடியும் வாசித்தார்கள்.

திங்கட்கிழமை லிசார்தோ அவளைக் கூப்பிட்டான். இரண்டு மாதம் பேண்டு பக்கமே வரக் கூடாது என்றான்.

“சரி மாஸ்டர். வீட்ல சும்மாவா இருக்கப் போறேன்? அதுக்குள்ள இன்னும் ரெண்டு எழுதிடுவேன்.”

அடுத்த ஞாயிறு அவன் மார்ச் வாசிக்க வைத்தான். பூங்காவில் ஒருவரும் எழுந்து ஆடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, “பிடிவாதக்காரி எங்கே?” என்று கத்தினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நெரெய்தா, எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள்.